ஐந்தாம் வகுப்போடு பசி நின்றுவிடுமா?

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை எட்டாம் வகுப்பிலே மணிமேகலையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலே அமுதசுரபியைப் பெற்ற அவள், ஆதிரையிடம் முதற் பிச்சை ஏற்றுப் புகார் நகரத்துப் பசித்தோர்க்கெல்லாம் உணவளித்த கட்டம் அது. மணிபல்லவம் என்பது நமது நயினாதீவே எனக் கருதுவோரும் உளர் என்று நான் கூறவும் மாணவர் முகங்களில் ஒரு மலர்ச்சி தோன்றிற்று. அவ்வேளையிற் கடைசி வாங்கில் இருந்த ஒருவன் மேசைமீது தலையைச் சாய்த்தான். உறங்குகின்றான் என்றெண்ணிச் சற்றுக் கடுமையாகவே அவனை அழைத்தேன். எழ முயன்றவன் அப்படியே சரிந்து விழுந்தான்.

முகத்தில் தண்ணீர் தெளித்து, ஆசிரியர் அறைக்குக் கொண்டுசென்று, தேநீர் பருகச் செய்தபின் விசாரித்தேன். முதல் நாள் இரவு உண்டது ஒரு துண்டு பாண். காலையில் ஒன்றுமில்லை. தகப்பனார் நாட்கூலிக்குச் செல்பவர். மழைக்காலத்தில் வேலை இல்லை.

"தினமும் இப்படித்தானா அப்பன்?" என்று கேட்டேன்.

"இல்லை சேர். மற்ற நாட்களில் தம்பி கொண்டுவந்து தருவான். அவனுக்கு இன்றைக்குக் காய்ச்சல்" என்றான்.

பிறகுதான் செய்தி விளங்கிற்று. தம்பி அதே வளவிலுள்ள ஆரம்பப் பிரிவில் நான்காம் வகுப்பிற் படிக்கின்றான். 2024 மார்ச் முதல் அரசாங்கப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அரசு காலையுணவு வழங்குகின்றது. அந்தச் சோற்றிற் பாதியை உணவுப் பெட்டியின் மூடியிலே ஒதுக்கிவைத்து, இடைவேளை மணி அடித்ததும் மதிலோரமாக ஓடிவந்து தமையனிடம் கொடுத்துவிட்டுப் போவது அவனது வழக்கம். ஒன்பது வயதுப் பிள்ளை. பல மாதங்களாக இது நடந்திருக்கின்றது. ஆசிரியர்களாகிய எங்களில் ஒருவரேனும் அதனைக் கண்டோமில்லை.

அரசின் உணவுத் திட்டத்தைக் குறைகூற நான் இதனை எழுதவில்லை. அது நல்ல திட்டம். அயலிலுள்ள தாய்மாரே சமைக்கின்றனர். சோறும் பருப்பும் கீரையும், சில நாட்களில் முட்டையும் உண்டு. உணவு கொடுக்கும் நாட்களில் ஆரம்பப் பிரிவிலே வரவு கூடுவதை இடாப்பைப் பார்த்தாலே அறியலாம். ஆனால் பெரும்பாலான பாடசாலைகளில் அவ்வுணவு ஐந்தாம் வகுப்போடு முடிவடைகின்றது. புலமைப்பரிசிற் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைக்கு அதன்பின் பசிக்காது என்று எந்த வைத்திய நூல் சொல்கின்றதோ நானறியேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேதான் பிள்ளைகள் மூங்கில்போல வளர்கின்றார்கள். வீட்டிற் பானை காலியாவதும் அந்த வயதிலேதான் என்பது தாய்மார் அறிந்த விஷயம்.

வறுமை ஒழிப்பு என்று நாம் பேசுவனவற்றிலெல்லாம் இத்தகைய ஒரு கோடு கிழிக்கப்பட்டிருக்கின்றது. கோட்டுக்கு இப்பால் நிற்பவனுக்கு உண்டு. அப்பால் நிற்பவனுக்கு இல்லை. அக்கோடு செல்வனையும் வறியவனையும் பிரிப்பதாக நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது பெரும்பாலும் இரண்டு வறியவர்களுக்கு நடுவே செல்கின்றது. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவேகூடச் செல்லும்.

2023 இல் தொடங்கப்பட்ட அஸ்வெசுமத் திட்டத்திலே ஒரு குடும்பத்தின் வறுமையை அளப்பதற்கு 22 அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. தகுதியற்றவர் ஒருவர் உதவி பெற்றுவிடக் கூடாதே என்ற கவலை அரசுக்கு இருப்பது நியாயம். தகுதியுள்ளவர் ஒருவர் விடுபட்டுவிடக் கூடாதே என்ற கவலையும் அதே அளவுக்கு இருத்தல் வேண்டும். முதலாவது பிழையினால் திறைசேரிக்குச் சில ஆயிரம் ரூபாய் நட்டம். இரண்டாவது பிழையின் நட்டத்தை நான் வகுப்பறையிலே தரையிற் கண்டேன்.

நமது நாடு எப்போதும் இப்படிக் கோடு கிழித்துக்கொண்டிருந்த நாடன்று. யுத்த காலத்தில், 1942 இல், பங்கீட்டு அரிசி வந்தது; கூப்பன் புத்தகம் வறியவர் வீட்டிலும் இருந்தது, வசதி படைத்தோர் வீட்டிலும் இருந்தது. 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வியும் எவரிடமும் வறுமைக்குச் சான்றிதழ் கேட்கவில்லை. இன்று நூலாசிரியர்களாயும் வைத்தியர்களாயும் இருப்போரிற் பலர் அதன் பிள்ளைகள். இதனை எழுதுபவனும் அவர்களுள் ஒருவன்.

1953 இல் அரசு அரிசி மானியத்தைக் குறைத்து, 25 சதமாக இருந்த ஒரு கொத்து அரிசியின் விலையை 70 சதமாக்கிற்று. ஓகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் நிகழ்ந்தது. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். இவ்வளவும் மாணவர் மனனம் செய்யும் சரித்திரம். பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டதும் அதே சிக்கன நடவடிக்கைகளில் ஒன்றே என்பதை ஏனோ பலர் நினைவிற் கொள்வதில்லை. சிக்கனம் என்று வந்தால் முதலிற் கை வைக்கப்படுவது பிள்ளையின் தட்டிலே என்பதற்கு அது பழைய உதாரணம்.

பின்னர் 1979 இற் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. முத்திரையின் பெறுமதி நிலைத்து நின்றது. கடையில் விலை ஏறிக்கொண்டே சென்றது. சில ஆண்டுகளுக்குள் அம்முத்திரை முன்பு வாங்கித் தந்ததிற் பாதியளவே வாங்கித் தந்தது. எவரும் அதனை நீக்கவில்லை, வெட்டவில்லை. விலைவாசியே அதனைத் தின்றுவிட்டது. இன்றைய உதவித்தொகைகளுக்கும், சமைக்கும் தாய்மாருக்கு ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று குறித்துக் கொடுக்கப்படும் தொகைக்கும் அதே கதி நேராதிருக்க வேண்டுமானால், விலை ஏறும்போது அவையும் தாமே ஏறுமாறு சட்டத்தில் எழுதப்படல் வேண்டும். 2022 செப்டெம்பரிற் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ 95 வீதம் உயர்ந்திருந்ததை நாம் கண்டோமல்லவா? உலக வங்கியின் மதிப்பீட்டின்படி, 2021 இல் நூற்றுக்கு 13 பேராயிருந்த வறியோர் 2022 இல் 25 பேராயினர்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். 2019 இறுதியிலே பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வேறு வரிகளும் குறைந்தன. 2022 இல் அரசின் வரி வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியிற் பத்திலொரு பங்கைக்கூட எட்டவில்லை; அவ்வாண்டு ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதும் நிறுத்தப்பட்டது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 2024 ஜனவரியில் அதே வரி 18 வீதமாயிற்று. ஒரு கட்டி சவர்க்காரம் வாங்கும் கூலித் தொழிலாளி, செல்வந்தன் கொடுக்கும் அதே வீதத்தில் அதற்கு வரி கொடுக்கின்றான். திறைசேரியில் உள்ளது அவனுடைய பணமுந்தான். ஆகவே அவன் பிள்ளைக்குக் கொடுக்கும் சோற்றைத் தருமம் என்று சொல்வதை இனியாவது விடுவோம்.

நமது பகுதிகளிலே பழைய மாணவர்கள் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அனுப்பும் பணத்தில் உணவு கொடுக்கும் பாடசாலைகள் உண்டு; அன்னதானம் செய்யும் கோயில்களும் உண்டு. அவர்கள் கைக்கு நன்றி. ஆயினும் பெயர் பெற்ற கல்லூரிக்குத்தான் பழைய மாணவர் சங்கம் கடல் கடந்தும் இருக்கும். ஊர்க்கோடியில் நாற்பது பிள்ளைகளோடு இயங்கும் பாடசாலைக்கு யார் இருக்கின்றார்கள்? மணிமேகலையே அமுதசுரபி கையில் இருந்தும் அரசனிடம் சென்றாள்; சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தரும்படி கேட்டாள், அவனும் ஆக்கிக் கொடுத்தான். அன்று வகுப்பில் நான் சொல்லி முடிக்காத பகுதி அதுதான்.

கேட்பதும் பெரிதன்று. 1980 முதல் அரசு பாடநூல்களை இலவசமாக வழங்குகின்றது. பதினோராம் வகுப்பு மாணவனுக்கும் அவை உண்டு, அதற்கு எந்தப் பட்டியலும் இல்லை. புத்தகம் செல்லும் வகுப்புவரை சோறும் செல்லட்டும். தமிழ்நாட்டிலே 1956 இற் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு இன்று பத்தாம் வகுப்புவரை செல்கின்றது. சமைக்கும் தாய்மார் கடைக்காரரிடம் கடன் சொல்லிப் பருப்பு வாங்க நேராதபடி, அவர்களுக்குரிய பணம் மாதம் தவறாமற் கிடைக்கட்டும். வரவு செலவுத் திட்டம் விவாதிக்கப்படும் நாட்களில், இதனை வாசிக்கும் குடும்பத்தவர் ஒவ்வொருவரும் தத்தம் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதலாம். மாணவர்களும் எழுதலாம், கடிதம் எழுதுதல் பாடத்திட்டத்தில் உள்ளதுதானே.

அந்த மாணவன் இப்போது ஒன்பதாம் வகுப்பிற் படிக்கின்றான். இடைவேளையில் நான் மதிலோரமாக நடந்து போவதுண்டு. தம்பி இன்னும் ஓடிவருகின்றான். அவன் இப்போது ஐந்தாம் வகுப்பு. வரும் ஆண்டில் ஆறாம் வகுப்புக்கு எங்கள் பக்கத்துக் கட்டடத்துக்கு வந்துவிடுவான்.