பவளத்திற்கும் நோய் வருமா?

பவளம் என்பது கல்லா, செடியா, பிராணியா? மாணவ நண்பர்களே, நீங்கள் எந்த விடையைச் சொன்னாலும் அதில் ஓரளவு உண்மை இருக்கும். பவளத்தைக் கட்டுபவை ஜெல்லி மீனுக்கு உறவான, மென்மையான உடல் கொண்ட சிறு பிராணிகள். அவை கடல்நீரிலுள்ள கால்சியத்தைக் கொண்டு தமக்குச் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொள்கின்றன. அதைத்தான் நாம் பவளக்கல் என்கிறோம். அவற்றின் திசுக்களுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. ஒளிச்சேர்க்கையால் தாம் ஆக்கும் உணவில் பெரும் பங்கை இப்பாசிகள் வீட்டு வாடகைபோலப் பவளப் பிராணிக்குத் தருகின்றன.

இக்குடும்பத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூட்டமும் உண்டு. பவளத்தின் மேற்பரப்பை ஒரு மெல்லிய கோழைப் படலம் போர்த்தியிருக்கிறது. அதில் எண்ணற்ற பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. இவற்றுள் பல, நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களைப் போல நன்மை செய்பவை. சில, தீய நுண்ணுயிரிகளை வளரவிடாத பொருள்களைச் சுரந்து காவலும் புரிகின்றன.

இவையெல்லாம் எங்கோ தொலைதூரக் கடலில் நடப்பவை அல்ல. நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே, சுலோசன முதலியார் பாலத்தின் கீழ் ஓடும் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அவ்வளைகுடாவில் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகள் வரிசையாக அமைந்திருந்தன. இவற்றைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் உள்ளன. இப்பகுதி 1986இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகள் மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில். கரைக்கு அலைதடுப்புச் சுவர். பவளக்கற்களைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்ததன் விளைவாகத் தூத்துக்குடியை அடுத்த விலாங்குசல்லித் தீவு அரிப்புக்கு ஆளாகி நீரில் மூழ்கிவிட்டது.

இனி நோய்க்கு வருவோம். 1973இல் விவரிக்கப்பட்ட 'கரும்பட்டை நோய்' நல்ல எடுத்துக்காட்டு. பவளத்தின்மேல் ஒரு கரிய பட்டை தோன்றும். அது நகர்ந்து செல்ல, பின்னால் வெறும் வெள்ளை எலும்புக்கூடுதான் மிஞ்சும். அப்பட்டை ஒரே நுண்ணுயிரி அன்று. நீலப்பச்சைப் பாக்டீரியாக்களும் கந்தகத்தைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்களும் சேர்ந்து நெய்த பாய். அப்பாயின் அடியில் ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடு சேருகிறது. மூச்சுத் திணறலாலும் நஞ்சாலும் திசு மடிகிறது. பட்டை நாளொன்றுக்கு 1 சென்டிமீட்டர் வரைகூட நகரும். உருண்டைப் பவளமோ ஆண்டு முழுவதும் வளர்ந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் பருக்கும்!

காவல் இருந்தும் நோய் எப்படி நுழைகிறது? முதற் காரணம் வெப்பம். 'விப்ரியோ' இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியாவை ஆய்வகத்தில் சோதித்தார்கள். நீரின் வெப்பநிலை 22 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தபோது பவளத்திற்குத் தீங்கில்லை. 27 டிகிரியைத் தாண்டியதும் அதே பாக்டீரியா திசுவையே கரைத்தது. வெப்பம் ஏறினால் இத்தகைய பாக்டீரியாக்கள் விரைவாகப் பெருகவும் கூடும். ஒரு கணக்குப் போடுங்கள். 40 நிமிடத்திற்கு ஒரு முறை இரண்டாகப் பிளக்கும் பாக்டீரியா ஒன்று, 10 மணி நேரத்தில் 32,768 ஆகும். பிளக்கும் நேரம் 20 நிமிடமாகக் குறைந்தால்? 107 கோடியைத் தாண்டும்!

தண்ணீரின் வெப்ப ஏற்புத்திறன் மிக அதிகம் என்று படித்திருப்பீர்கள். ஆகவே கடல் மெல்லச் சூடாகும். சூடானபின் மெல்லத்தான் ஆறும். அந்த வாரங்களில் பவளம் தன் பாசிகளை இழந்து வெளிறிவிடுகிறது. வெளிறல் தொற்றுநோய் அன்று; ஆனால் பட்டினியால் மெலிந்த பவளத்தை நோய் எளிதில் பற்றும். மன்னார் வளைகுடாவில் 2016 கோடையில் நேர்ந்த வெளிறலால், உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகக் குறைந்தது. மண்டபத்தை அடுத்த தீவுகளில் பவள நோய்களும் பதிவாகியுள்ளன.

இரண்டாவது காரணம் கழிவுநீர். அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையோரம், மான் கொம்பைப்போல் கிளைக்கும் பவளங்களில் 1996இல் வெள்ளைத் திட்டுகள் காணப்பட்டன. அதற்குக் காரணம் 'செராஷியா' என்னும் பாக்டீரியா என 2002இல் கண்டறிந்தனர். ஈரமான குளியலறைச் சுவரில் இளஞ்சிவப்பாகப் படர்கிறதே, அதில் பெரும்பாலும் இருப்பது இதுதான்! மனிதக் கழிவுநீரிலிருந்து எடுத்த செராஷியா பவளத்திற்கு அந்நோயைத் தரும் என்பது 2011இல் சோதனையால் உறுதியாயிற்று. மனிதரிடமிருந்து பிராணிக்கு, அதுவும் முதுகெலும்பற்ற கடற்பிராணிக்கு, நோய் சென்ற அபூர்வ நிகழ்ச்சி இது.

ஆக, நுண்ணுயிரி பகையாவதும் நட்பாவதும் சூழ்நிலையைப் பொறுத்தது. கடல் சூடாவதை ஓர் ஊர் மட்டும் தடுத்துவிட முடியாது. அது உலகமே சேர்ந்து செய்யவேண்டிய வேலை. ஆனால் சாக்கடை நீரைச் சுத்திகரித்து வெளியே விடுவது ஓர் ஊரால் ஆகக்கூடிய காரியம். உங்கள் தெருச் சாக்கடை எந்த ஓடையில் சேருகிறது, அந்த ஓடை எங்கே போகிறது என்று விசாரித்து ஒரு படம் வரைந்து பாருங்களேன்!