சாம்பலா, மணலா? அம்மாவின் அறைக்கு எந்த நிறம்?

நேயர்களே, வீட்டுச் சாயம் பற்றிய நம் கலந்துரையாடலில் பலரும் கேட்ட கேள்வி, படுக்கையறைக்கு வெளிர் சாம்பலா, மணல் நிறமா என்பதுதான். இரண்டுமே அடக்கமான நிறங்கள். எதைப் பூசினால் என்ன என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

எங்கள் வீவக வீட்டில் அம்மாவின் அறைக்கு நான் தேர்ந்தெடுத்தது சாம்பல். பூசி முடித்த அன்று இரவு விளக்கைப் போட்டதும், "என்னம்மா இது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு?" என்றார். உண்மைதான். கடை அட்டையில் சாம்பலாக இருந்தது சுவரில் நீலமாக நின்றது!

கடைச் சாம்பல் பெரும்பாலும் வெறும் கறுப்பும் வெள்ளையும் அல்ல. அதில் கொஞ்சம் நீலமோ பச்சையோ ஊதாவோ கலந்திருக்கும். மணல் நிறத்தில் மஞ்சளோ சிவப்போ இருக்கும். அந்தக் கலப்பை வெளியே இழுப்பது விளக்கு. அம்மாவின் அறையில் இருந்தது 6500 கெல்வின் வெள்ளை விளக்கு. அதில் நீலம் தூக்கலாகத் தெரியும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் அதே சாம்பல் சாந்தமாகிவிடும், மணல் நிறமோ மஞ்சள் பூத்துவிடும்.

வடக்குப் பார்த்த அறைக்குக் குளிர்ந்த நிறம் வேண்டாம் என்று வெளிநாட்டுச் சஞ்சிகைகள் சொல்லும். அது ஐரோப்பாவுக்குச் சரி. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள சிங்கப்பூரில் ஏறக்குறைய அரை ஆண்டு சூரியன் வடக்குப் பக்கமே நிற்கிறது. நாம் பார்க்கவேண்டியது மேற்குச் சன்னலை. மாலை வெயில் பட்டால் மணல் நிறம் ஆரஞ்சுக்குப் போய்விடும்.

என்னை உறுத்தியது வேறு. அம்மாவுக்குக் கண்புரை. வெளிர் நிறங்களுக்கு இடையிலான வேறுபாடு அவருக்குச் சரியாகத் தெரியாது. சாம்பல் சுவர், சாம்பல் கதவு நிலை. ஓர் இரவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். நல்லவேளை, விழவில்லை.

சில நிறுவனங்களின் நிற அட்டையில் எல்ஆர்வி என்று ஓர் எண் இருக்கும். சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தரும் என்பதற்கான அளவு அது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. சுவருக்கும் நிலைக்கும் அந்த எண் நெருங்கியிருந்தால், நிறம் வேறாக இருந்தாலும் மங்கிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இரண்டாவது முறை அவசரப்படவில்லை. பெரிய அட்டை இரண்டில் இரண்டு பூச்சு அடித்து, காயவிட்டு, அம்மாவின் கட்டில் அருகே சாய்த்து வைத்தேன். காலை, மாலை, இரவு என்று மூன்று நாள் பார்த்தோம். சுவருக்கு மணல் நிறம், நிலைக்கு அடர் பழுப்பு, விளக்கு 4000 கெல்வின். தேர்ந்தெடுத்தது அம்மா.