மறுபடியும் டிரம்பெட் ஊதப் போறீங்களா?

ஸ்கூல் பேண்டிலோ, சர்ச்சிலோ, போலீஸ் பேண்டிலோ ஒரு காலத்தில் டிரம்பெட் வாசித்தவரா நீங்கள்? இருபது வருஷமாகப் பரண்மேல் கிடந்ததை இறக்கித் துடைக்கிறீர்களா? நல்ல ஆசைதான். ஆனால் ஒரு கேள்வி: டிரம்பெட் அதேதான், உங்கள் வாய் அதே வாய்தானா?

கொல்லிமலை குண்டனி நாட்டிலிருந்து ஐம்பது வயதுக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். இளமையில் சமவெளியில் பேண்ட் செட்டில் இருந்தவர். பிறகு மிளகு, காப்பி என்று மலைக்கே திரும்பிவிட்டார். ஆடிப்பெருக்கில் வாசிக்கும் ஆசையில் பத்து நாள் ஊதியதில் மேலுதடு வெடித்து ரத்தம்.

"சத்தம் வரலீங்க டாக்டரு, அதான் அழுத்தி ஊதுனேனுங்க" என்றார். வாயைத் திறந்து பார்த்தால் முன்பல் ஒன்று இல்லை, பக்கத்துப் பல் சாய்ந்திருந்தது. பழைய மவுத்பீஸ் எங்கே போய் உட்காரும்?

அதிர்ந்து ஓசை எழுப்புவது உதடுதான். மவுத்பீஸ் அதைத் தாங்கும் சட்டம், அவ்வளவே. பழக்கம் விட்ட உதட்டுத் தசை சில நிமிடத்தில் களைத்துவிடும். உடனே கை அழுத்தும். உலோகத்துக்கும் பல்லுக்கும் நடுவே உதடு நசுங்கும். ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கே உதட்டுக் காயங்களால் அவதிப்பட்டவர். ஊதுபவர்களின் உதட்டுத் தசை கிழிவதற்கு 1982-ல் அவருடைய செல்லப் பெயரான 'சாட்ச்மோ'வையே மருத்துவர்கள் வைத்தார்கள்!

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது?

அளவு: டிரம்பெட் மவுத்பீஸின் உள்ளகலம் பெரும்பாலும் 16 முதல் 17 மில்லிமீட்டர். 'பாக்' கம்பெனி முறையில் எண் குறைந்தால் அகலம் கூடும். 'ஏ' ஆழமான கிண்ணம், 'சி' நடுத்தரம். திரும்பி வருபவர்களுக்கு '7சி' போன்ற நடுத்தரமே நல்லது. மேல்ஸ்தாயி சுலபமாக வருகிறதே என்று ஆழம் குறைந்ததை வாங்காதீர்கள்.

விளிம்பு: கூர்மையான மெல்லிய விளிம்பு உதட்டை வெட்டும். ஓரளவு அகலமாக, உருண்டையாக இருக்கட்டும்.

பூச்சு: வெள்ளி முலாம் தேய்ந்து பித்தளை தெரிந்தால் மறுபடி பூசுங்கள். உலோகம் பட்டாலே அரிக்கும் உதடா? பிளாஸ்டிக் மவுத்பீஸ் இருக்கிறது.

சோதனை: கடையில் சோப்பு நீரில் கழுவி வாங்கி, நடு ஸ்வரத்தை மெதுவாக ஊதுங்கள். அழுத்தாமல் மென்மையாகப் பேசுகிறதா? அதுதான் உங்களுடையது. பல்செட் கட்டப் போகிறவர்கள் முதலில் அதைக் கட்டிப் பழகிவிட்டு மவுத்பீஸ் வாங்குங்கள்.

முதல் வாரம் தினம் இரண்டு வேளை, பத்துப் பத்து நிமிடம் போதும். ஊதிய நேரமளவு ஓய்வும் வேண்டும். இரவில் உதட்டில் பசுநெய் தடவுங்கள். ஊதுமுன் வேண்டாம், வழுக்கும். ஈறு பலவீனமா? திரிபலா கஷாயத்தில் வாய் கொப்பளியுங்கள். வாரம் ஒருமுறை வாத்தியத்தின் உட்புறத்தையும் கழுவுங்கள். உள்ளே வளரும் பூஞ்சை நுரையீரலைத் தாக்கும்.

ரத்தக் கொதிப்பு, கிளாக்கோமா, குடலிறக்கம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஊதவே கூடாது.

மலைக்காரர் அந்த ஆடிக்கு வாசிக்கவில்லை. பல் கட்டி, மவுத்பீஸ் மாற்றி, அடுத்த ஆடிக்கு வாசித்தார். உங்களுக்கும் அவசரம் வேண்டாம். உதடு வலித்தால் நிறுத்துங்கள். நாளைக்கும் ஊத அதே உதடுதான் வேண்டும்!