பரீட்சைக்கு ஆயத்தமாதல்

பரீட்சை அணுகுங்கால் நூலைப் பன்முறை புரட்டுதலே ஆயத்தமென நம்மிற் பலர் எண்ணுகின்றோம். பவணந்தியார் கணக்கோ வேறு. ஆசிரியர் உரைத்ததை முற்றக் கொண்டாலும் எய்துவது காற்பங்கே. உடன் கற்பாரோடு பயில்வதால் மற்றொரு கால். பிறர்க்கு விரித்துரைத்தாலன்றி எஞ்சிய அரை நிரம்பாது என்பது நன்னூற் பாயிரத்தின் துணிபு.

2006-ஆம் ஆண்டில் ரோடிகர், கார்பிக்கி என்னும் அமெரிக்க உளநூலார் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்கின்றது. ஐந்து நிமிடங் கழித்து வினவியபோது, பாடத்தை மீண்டும் படித்தோரே முந்தினர். ஒரு வாரங் கழித்தோ, நூலை மூடி நினைவினின்று எழுதிப் பார்த்தோர் அவர்களை விஞ்சினர். முன்னிரவில் மனப்பாடமானது போல் தோன்றியது பரீட்சை மண்டபத்தில் கைவிடுவதன் காரணமும் இதுவே போலும்!

ஆதலின், ஓரியல் முடிந்ததும் ஏட்டை மூடி, விடுதித் தோழர்க்கு அதனை எடுத்துரைப்போமாக. அவர் உறங்கிவிடினும் குற்றமில்லை, சுவர் கேட்கும். நாத் தடுமாறிய சூத்திரங்களை மட்டும் குறித்துக்கொண்டு, மறுநாள் மீண்டும் உரைத்துப் பார்ப்போம்.