மில்லுக்கு ஒப்பந்தம், டெலிவரிக்கு?

எங்க ஊரு விக்கிரமசிங்கபுரம். தாமிரபரணி தண்ணியை நம்பி 1880-கள்ல ஹார்வி மில் வந்த ஊரு. மில் ஊர்ல வளர்ந்தா ‘12(3) ஒப்பந்தம்’ பழக்கமான வார்த்தை. 2025 வரைக்கும் அமல்ல இருந்த 1947 தொழில் தகராறு சட்டப்படி, தொழிலாளர் துறை அதிகாரி முன்னால சங்கமும் நிர்வாகமும் கையெழுத்துப் போட்டது. சங்கத்துல சேராதவருக்கும், நாளைக்கு வேலைக்கு வர்றவருக்கும் அது செல்லும். ஒப்பந்தம் இல்லாமலே கூலியை மாத்தணும்னா 21 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும்.

டெலிவரி வேலையில? ஆப்ல ரேட் மாறும், அவ்வளவுதான். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவங்களை ‘கிக் தொழிலாளர்’னு, முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வைக்குது. தமிழ்நாட்டுல 2023-ல நலவாரியம் வந்துச்சு. பதிவு பண்ணிக்கோங்க, உதவி கிடைக்கும். ஆனா நலவாரியம் கூலி பேசாது. கூலி பேச, எதிர்ல உட்கார்ந்து கையெழுத்துப் போட ஒரு முதலாளி வேணும். டெலிவரி சங்கங்கள் முதல்ல கேக்குறதே அதைத்தான்: எங்களைத் தொழிலாளின்னு ஒத்துக்கோங்க.