பாக்கும் தியாகராஜரும் எங்கே சந்தித்தார்கள் தெரியுமா?

ஜெர்மனியில் பாக் கண்ணை மூடிய ஆண்டு 1750. திருவாரூரில் தியாகராஜர் பிறந்த ஆண்டு 1767. நடுவே 17 வருஷ இடைவெளி, கடல் கடந்த தூரம் வேறு. அப்படியிருந்தும் இரண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழே உட்காரவைத்து இசையால் பேசவைத்தவர் ஒருவர் உண்டு. அவர் நம்ம மதுரை மாவட்டத்துக்காரர் என்றால் நம்புவீர்களா?

இளையராஜாதான்! 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' என்று ஓர் ஆல்பம் போட்டார். படம் கிடையாது, கதாநாயகன் கிடையாது, பல்லவி சரணம் கிடையாது. வாத்திய இசையில் பத்தே துண்டுகள். சமர்ப்பணம் தியாகராஜருக்கும் பாக்குக்கும். "தேனிக்காரரை எப்படி மதுரைக்காரர் எனலாம்?" என்று கம்பம் பக்கத்திலிருந்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தேனி தனி மாவட்டமானது 1996-இல். ஆல்பம் வந்த வருஷம் ராஜாவின் சொந்த ஊரான பண்ணைப்புரம் அரசாங்கக் கணக்குப்படியே மதுரை மாவட்டம்!

இங்கிலாந்தில் இதற்குப் பதினைந்து இருபது வருஷம் முன்பே இதே மாதிரி ஒரு பைத்தியம் பிடித்திருந்தது தெரியுமா? ராக் இசைக்குழுக்கள் மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதத்துக்குள் கைவிட்டு அள்ளிய காலம் அது. ப்ராக்ரசிவ் ராக் என்று பெயர். ஜெத்ரோ டல் குழு 1969-இல் பாக்கின் ஒரு துண்டை எடுத்துப் புல்லாங்குழலில் ஊதித் தள்ளியது. எமர்சன், லேக் அண்ட் பாமர் குழு 1971-இல் ரஷ்ய இசைமேதை முசோர்க்ஸ்கியை மேடைக்கு இழுத்து வந்தது. கேட்டவர்கள் அங்கேயும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அது காதுக்குக் கல்யாணச் சாப்பாடு. இன்னொரு கட்சிக்கு வெறும் பந்தா. இங்கே மட்டும் வேறு மாதிரியா இருக்கும்?

நம்மூரில் முதல் கேள்வியே "எந்தப் படம்?" என்பதுதான். அது கேசட் காலம். ரெக்கார்டிங் சென்டரில் காலி கேசட்டையும் நோட்டுத்தாளில் எழுதிய பாட்டு லிஸ்ட்டையும் நீட்டினால், அறுபது நிமிஷத்துக்கோ தொண்ணூறு நிமிஷத்துக்கோ பதிந்து தருவார்கள். லிஸ்ட்டில் பாட்டுப் பெயருக்கு எதிரே படப் பெயர் எழுதியே பழகிய கைகள், இந்த ஆல்பத்துக்கு எதிரே எதை எழுதும்? பாடகர் பெயர் போடும் இடமும் காலி. "பாட்டே இல்லாத கேசட்டுக்கு எதுக்கப்பா காசு?" என்ற கட்சி அங்கேயே உருவாகிவிட்டது.

இப்போது ஆல்பத்துக்குள் போவோம். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒரு துண்டு. பாக்கைத் தன் வீட்டிலேயே சந்தித்துவிட்டாராம்! வெறும் பேச்சில்லை, பாக்கின் தனி வயலின் படைப்பான மூன்றாவது பார்ட்டிட்டாவின் முகப்புப் பகுதி அதில் முழு வேகத்தில் ஓடுகிறது. ஓடுகிற அந்த வயலின்மேலேயே நம்ம மண் சாயலில் இன்னொரு மெட்டு ஏறி உட்கார்கிறது. ஹெட்போனில் கேளுங்கள். முதல் தடவை பாக்கை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், அடுத்த தடவை மேலே வரும் மெட்டை. மூன்றாம் தடவை இரண்டையும் சேர்த்துக் கேட்டால், கை தானாக ஒலியைக் கூட்டும்.

"அடுத்தவர் சரக்கை எடுத்துப் போட்டுவிட்டார்" என்பவர்கள் கவனத்துக்கு: பாக்கே அந்தச் சரக்கை இரண்டு தடவை விற்றவர் தெரியுமா! 1720-இல் தனி வயலினுக்கு எழுதியதை 1731-இல் ஆர்கனுக்கு மாற்றி, வாத்தியக் கூட்டத்தையும் சேர்த்து ஒரு சர்ச் இசையின் முகப்பில் வைத்தார். தன் பாட்டைத் தானே ரீமிக்ஸ் செய்த மகானுபாவர்!

இன்னொன்று கேளுங்கள். பாக்கின் அந்த முகப்பு ஈ மேஜர் ஸ்கேலில் இருக்கிறது. மேஜர் ஸ்கேல் என்றால் நம்ம கணக்கில் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். சங்கராபரணத்தில் வெள்ளைக்கார மெட்டு என்றதும் மதுரைக்காரர்களுக்கு யார் நினைவுக்கு வர வேண்டும்? மதுரை மணி ஐயர்! கச்சேரி முடியப்போகும் நேரம், அவருடைய 'இங்கிலீஷ் நோட்' எப்போது வரும் என்று கூட்டம் காத்திருக்கும். அதை இயற்றியவர் மதுரையில் சங்கீதப் பள்ளி நடத்திய ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அதற்கும் நூறு வருஷம் முன்னால் முத்துசுவாமி தீட்சிதர், கும்பினியார் பேண்ட் மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரி போட்டு நோட்டுஸ்வரங்கள் செய்தார். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டும் அதில் உண்டு! ஆக, நம்ம இளையராஜா திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. இந்தக் கலப்படம் நம்ம வீட்டுச் சமையலில் ரொம்ப நாளாகவே கொதிக்கிறது.

ஆல்பத்தில் 'மேட் மாட் மூட் ஃபியூக்' என்றும் ஒரு துண்டு. ஃபியூக் என்றால் என்ன என்று மிரள வேண்டாம். டீக்கடை பெஞ்சில் ஒருவர் நேற்று ராத்திரி தெருவில் நடந்த சண்டையைச் சொல்ல ஆரம்பிக்கிறார். பாதியில் பக்கத்து ஆள் அதே கதையை முதலிலிருந்து, குரலை ஒரு படி உயர்த்தித் தொடங்குகிறார். முதல் ஆள் வாயை மூடுவதில்லை. மூன்றாமவரும் புகுகிறார். நாலு பேரும் ஒரே கதையை வெவ்வேறு இடத்தில் நின்று சொல்கிறார்கள், ஆனால் ஒரு வார்த்தைகூட இன்னொரு வார்த்தையோடு மோதவில்லை. அதுதான் ஃபியூக்! நிஜ டீக்கடையில் இது நடக்காது. பாக் நடத்திக் காட்டினார்.

கர்நாடக சங்கீதக் கட்சியின் ஆட்சேபம் இங்கேதான். ராகத்தின் உயிர் கமகத்தில், ஸ்வரம் அசைய வேண்டும். நாலு குரல் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்க வேண்டுமென்றால் ஸ்வரம் ஓரிடத்தில் நின்றாக வேண்டும். நின்றால் ராகம் போச்சு, அசைந்தால் ஹார்மனி போச்சு! இந்த ஆட்சேபத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஆல்பத்தில் ஓரிரு இடங்களில் ராகம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைத்துத்தான் நிற்கிறது. ஆனால் வி.எஸ். நரசிம்மனின் வயலின் அந்தச் சந்துக்குள் புகுந்து ராகத்தையும் காப்பாற்றுகிறது, ஹார்மனியையும் காப்பாற்றுகிறது. அவர் பின்னாளில் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் தொடங்கி, கீர்த்தனைகளையே நாலு தந்திவாத்தியத்தில் வாசித்தார் என்றால், விதை எங்கே விழுந்தது என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

கூத்து என்னவென்றால், ஒரு துண்டின் பெயரே 'டோன்ட் கம்பேர்'. ஒப்பிடாதே என்று எழுதியே வைத்துவிட்டார். நாமோ இத்தனை வருஷமாக ஒப்பிடுவதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை!

சரி, "எனக்கு இந்த ஆல்பமே தெரியாது" என்கிறீர்களா? கேட்டிருக்கிறீர்கள், தெரியாமலே கேட்டிருக்கிறீர்கள்! பாலுமகேந்திராவின் 'வீடு' பார்த்தீர்கள் அல்லவா? படத்துக்குப் பாட்டும் வேண்டாம், புது இசையும் வேண்டாம் என்று, இந்த ஆல்பத்திலிருந்தே எடுத்துப் பின்னணியில் வைத்தார். கட்டி முடியாத வீட்டைப் பார்க்க சொக்கலிங்க பாகவதர் தனியாகக் கிளம்பிப் போவாரே, அந்தத் தாத்தாவை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. பாட்டே இல்லாத கேசட் எதற்கு என்று கேட்டவர்களும் தியேட்டரில் அழுதார்கள். ஆல்பத்துக்கு இதைவிடப் பெரிய விமர்சனம் யாரும் எழுதவில்லை என்பது என் கட்சி.

1988-இல் ஹரிபிரசாத் சௌரஸியாவின் குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தது. அது சண்டைக்கே இடம் தராத இசை, ஆகவே அதிகம் பேச ஒன்றுமில்லை. அடுத்த பெரிய சண்டை 2005-இல்: திருவாசகம்! புடாபெஸ்ட் சிம்ஃபனி இசைக்குழுவின் வாசிப்பில் மாணிக்கவாசகர்! அவர் யார்? மேலூர்ப் பக்கம் திருவாதவூரில் பிறந்து, மதுரைப் பாண்டியனுக்கு மந்திரியாக இருந்தவர். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயில் திருப்பணிக்குச் செலவழித்த மனிதர். நரி பரியானதும் பிட்டுக்கு மண் சுமந்ததும் ஆவணி மாதம் மதுரையில் இன்றும் திருவிழாவாக நடக்கின்றன. அந்த வைகைக்கரைத் தமிழை ஹங்கேரியர்கள் வாசிக்க, ஆங்கில வரிகளை அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். ஓதுவார் குரலில் கேட்டு வளர்ந்தவர்கள் நெற்றியைச் சுருக்கினார்கள். திருவாசகத்தைத் தொட்டே பார்க்காத காலேஜ் பையன்கள் புத்தகத்தைத் தேடினார்கள். இரண்டும் நியாயம்.

கேட்பவர் கருத்து உலக அளவில் எண்ணப்பட்டதும் உண்டு தெரியுமா? 2002-இல் பிடித்த பாட்டு எது என்று பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில், ராஜா இசையமைத்த 'தளபதி' படத்தின் ராக்கம்மா பாட்டுக்கு நாலாமிடம்! குத்துப்பாட்டு என்று ஆடுகிறோமே, அதன் நடுவே அப்பர் தேவாரம் வருகிறது. ஆடுகிற கூட்டத்தில் எத்தனை பேர் அதைக் கவனித்தார்கள்?

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் அதிசயம் ஒன்று பாக்கி. 1993-இல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவுக்காக ராஜா ஒரு சிம்ஃபனி எழுதினார். பதிவும் நடந்தது, ஆனால் வெளிவரவே இல்லை. 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில் அரங்கேறிய 'வேலியன்ட்' வேறொரு புதுப் படைப்பு. ஆக, அந்தப் பழைய சிம்ஃபனி எந்தக் கடைக்கும் வரவில்லை, எந்த ரேடியோவிலும் ஒலிக்கவில்லை. அது உலகத்தரமா இல்லையா என்று முப்பது வருஷத்துக்கும் மேலாக நம்மூரில் இரண்டு கட்சி கட்டி அடித்துக்கொள்கிறார்கள், தெரியுமா?