உஷார்! நெட் போனால் காசு கொடுத்து வாங்கிய கேமும் பூட்டிக்கொள்ளும்

ஐப்பசி அடைமழை பிடிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் கையில் நின்டெண்டோ ஸ்விட்ச், ஸ்டீம் டெக், ஆர்ஓஜி ஆலை என்று ஏதாவது ஒரு கையடக்க கேம் கன்சோல் இருந்தால் கட்டாயம் படியுங்கள். "எல்லா கேமும் டவுன்லோட் பண்ணி வெச்சாச்சு, இனி நெட் இல்லாட்டியும் ஓடும்" என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்களா? அந்த நம்பிக்கை பாதிதான் சரி. மீதிப் பாதியின் லட்சணம் நெட் போகிற அன்றைக்குத்தான் தெரியும். அன்றைக்குத் தெரிந்து ஒரு பயனும் இல்லை. அதைச் சரிசெய்யவும் அதே நெட்தான் வேண்டும்.

நெட் போவது, கரன்ட் போவது என்றால் என்னவென்று கடலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்ததில் உள்கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2015 வெள்ளத்தில் மாவட்டமே தத்தளித்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மழை விட்டதே என்று மூச்சு விடுவதற்குள், டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் முழுகின. கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறினால் சிதம்பரம் சுற்றுவட்டாரத்திலும் இதே கதை. கரன்ட் போனதும் வீட்டு வைஃபை போகும். செல்போன் டவருக்கும் பேட்டரியும் டீசலும் இருக்கும் வரைதான் உயிர்.

அந்த மாதிரி நாளில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிற பிள்ளைக்கு நெட் தேவைப்படாத ஒரு கேம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஆன்லைன் ரம்மியில் குடும்பங்கள் சீரழிந்ததைப் பார்த்த மாநிலம் இது. நெட் இல்லாமல் விளையாடும்போது காசு கட்டச் சொல்லும் பட்டன் வேலை செய்யாது, முகம் தெரியாத ஆள் சாட்டில் வந்து பேச மாட்டான். கேம் விளையாடுவதே பாவம் என்று நினைப்பவன் இல்லை நான். பிள்ளைகள் விளையாடட்டும், நெட் இல்லாமல் விளையாடட்டும் என்று விரும்புகிறவன். அதனால்தான் இவ்வளவு பதறுகிறேன்.

சிக்கல் எங்கே இருக்கிறது? கேம் முழுவதும் உங்கள் கன்சோலில் இறங்கியிருக்கலாம், இருபது முப்பது ஜிபி இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அதைத் திறக்கும் அனுமதி, அதாவது லைசென்ஸ், உங்கள் அக்கவுன்ட்டோடு கட்டப்பட்டது. அந்த அக்கவுன்ட்டுக்கு எந்தக் கன்சோல் சொந்தம் என்று கம்பெனியின் கணக்கில் பதிவாகியிருக்கும். சொந்தக் கன்சோலாக இருந்தால் நெட் இல்லாமலே திறக்கும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் கம்பெனியிடம் கேட்டுவிட்டுத்தான் திறக்கும். நெட் இருக்கிற வரையில் இந்த இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

இந்த ஊரில் இது யாருக்கு அதிகம் நடக்கும் என்றால், வெளிநாட்டிலிருந்து பரிசாக வாங்கியவர்களுக்கு. நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாகக் கடை விரிக்கவில்லை. அதனால் பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் சிதம்பரத்திலும் ஸ்விட்ச் வைத்திருக்கும் பிள்ளையைக் கேட்டால், "சிங்கப்பூர் மாமா கொண்டாந்தார்", "துபாய் சித்தப்பா அனுப்பினார்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். மாமா நல்ல மனசோடு தன் அக்கவுன்ட்டையே அதில் போட்டு, தான் வாங்கிய கேம்களையும் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அங்கே அவரிடம் இன்னொரு ஸ்விட்ச் இருக்கும். 2025 ஏப்ரல் வரை இருந்த முறைப்படி, கம்பெனியின் கணக்கில் முதல் கன்சோல் அவருடையது, பிள்ளையுடையது இரண்டாவது. மழைக்கு வைஃபை போன நிமிஷமே மாமாவின் பரிசு பூட்டிக்கொள்ளும்.

2025 ஏப்ரல் கடைசியில் வந்த அப்டேட்டோடு நின்டெண்டோ இந்த முறையை மாற்றியது. இப்போது டவுன்லோட் கேம் ஒவ்வொன்றும் ஒரு 'வர்ச்சுவல் கேம் கார்டு'. அந்தக் கார்டு எந்தக் கன்சோலில் ஏற்றப்பட்டிருக்கிறதோ, அங்கே நெட் இல்லாமல் ஓடும். ஓர் அக்கவுன்ட்டுக்கு இரண்டு கன்சோல்கள் வரை இணைக்கலாம். ஆனால் ஒரு கார்டு ஒரு நேரத்தில் ஒரு கன்சோலில்தான் இருக்கும். கார்டை இங்கிருந்து எடுத்து அங்கே போட நெட் வேண்டும். 'ஆன்லைன் லைசென்ஸ்' என்று ஒரு வசதியும் உண்டு. அதை நம்பி விளையாடினால் நெட் அறுந்த உடனே கேமும் நின்றுபோகும். குடும்பக் குழுவுக்குள் கேமை இரவல் கொடுக்கலாம், அதுவும் 14 நாள் வரைதான். ஆகவே மாமாவிடம் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை கேளுங்கள்: "மாமா, கார்டு உங்க மெஷின்ல இருக்கா, தம்பி மெஷின்ல இருக்கா?"

அடுத்தது இதைவிட மோசம். இது நேரில் பார்த்தது. மஞ்சக்குப்பத்தில் எங்களுக்குத் தெரிந்த வீட்டுப் பையன், கல்லூரி முதலாண்டு. நாலாயிரம் ரூபாய் கேமை இன்ஸ்டாகிராமில் ஒருவன் எழுநூறு ரூபாய்க்குத் தருகிறான் என்று ஜிபே பண்ணி வாங்கினான். வந்தது கேம் இல்லை, ஓர் அக்கவுன்ட்டின் யூசர்நேமும் பாஸ்வேர்டும். அதே அக்கவுன்ட்டை இன்னும் பல பேருக்கு விற்றிருக்கிறார்கள். 'பிரைமரி' என்றால் ஒரு விலை, 'செகண்டரி' என்றால் பாதி விலை. பையன் வாங்கியது செகண்டரி. ஃபெஞ்சல் அடித்த சனிக்கிழமை இரவு வீட்டில் நெட் இல்லை. கன்சோலில் நூறு சதவீதம் சார்ஜ் இருந்தது. கேம் படத்தைத் தொட்டான். விளையாட முடியுமா என்று சரிபார்ப்பதாக ஒரு வரி வந்தது, சக்கரம் சுற்றியது, பிறகு நெட்டில் இணைக்கச் சொல்லி எர்ரர். மறுபடி தொட்டான், மறுபடி அதே சக்கரம். "அண்ணே, நெட் இல்லன்னாலும் ஓடும்னுதானே அவன் சொன்னான்" என்றான் என்னிடம், பாவமாக. தண்ணீர் வடிந்து நெட் வந்த பிறகு பார்த்தால் பாஸ்வேர்டையே மாற்றிவிட்டார்கள். மெசேஜ் போட்டால் பதில் இல்லை. எழுநூறு ரூபாய் போனது போகட்டும். ஊர் பேர் தெரியாத ஒருவனின் அக்கவுன்ட்டை, வீட்டு வைஃபை பாஸ்வேர்டு சேமித்து வைத்திருக்கும் மெஷினில் ஏற்றியிருந்தானே, அதுதான் எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது.

அக்கவுன்ட்டைப் பங்கு போட்டு விற்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். அப்படி விற்கவோ வாங்கவோ எந்தக் கம்பெனியின் விதியிலும் இடமில்லை. கம்பெனியிடம் முறையிட்டால் அந்த அக்கவுன்ட்டையே முடக்கிவிடலாம்.

"நூறு கேம் ஏத்தித் தர்றோம், நெட்டே வேண்டாம்" என்று செகண்ட் ஹேண்ட் ஸ்விட்ச் விற்பவர்களிடமும் உஷார். 2017இல் வந்த முதல் ஸ்விட்ச் கன்சோல்களின் சிப்பில் சாஃப்ட்வேர் அப்டேட்டால் அடைக்க முடியாத ஓர் ஓட்டை இருந்தது. 2018இல் அது வெளியே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் திருட்டு கேம்களை ஏற்றுகிறார்கள். ஓடுவது என்னவோ ஓடும். என்றைக்காவது நெட்டில் இணைத்தால் நின்டெண்டோ அந்தக் கன்சோலையே தடை செய்துவிடும். தடை விழுவது மெஷின் மீது, உங்கள் பெயர் மீது இல்லை. அதனால் யாரோ செய்த தப்புக்குத் தடை வாங்கிய மெஷினை நீங்கள் முழு விலை கொடுத்து வாங்கியிருப்பீர்கள். 2025 ஜூன் 5 அன்று ஸ்விட்ச் 2 வெளியான சில வாரங்களிலேயே நகல் எடுக்கும் கார்டு பயன்படுத்தியவர்களின் மெஷின்களுக்குத் தடை விழுந்தது. கூடவே நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 63பி பிரிவின்படி குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்காக இல்லையென்றால் நீதிமன்றம் சிறையை விட்டு அபராதத்தோடு நிறுத்தலாம். அந்த அளவுக்குப் போக வேண்டுமா?

சரி, கடையில் டப்பாவோடு கார்டு வாங்கிவிட்டால் நிம்மதி என்கிறீர்களா? டப்பாவின் முன்பக்கம் அடியில் பாருங்கள். ஸ்விட்ச் 2 கேம்கள் பலவற்றில் சாவிப் படத்தோடு 'கேம் கீ கார்டு' என்று போட்டிருக்கும். அந்தக் கார்டுக்குள் கேம் கிடையாது, அனுமதி மட்டும்தான். 'சைபர்பங்க் 2077' முழு கேமாகக் கார்டிலேயே வருகிறது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' கீ கார்டாக வருகிறது. கீ கார்டு என்றால் கேமை டவுன்லோட் செய்து, முதல் முறை நெட்டோடு திறக்க வேண்டும். அதன் பிறகு கார்டைச் சொருகி நெட் இல்லாமல் விளையாடலாம். தினம் 2 ஜிபி பிளானில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் வீட்டில் 40 ஜிபி கேம் இறங்க இருபது நாளாகும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு டவுன்லோட் போட்டால் நடக்காத காரியம்.

மாதச் சந்தாவில் வரும் கேம்களையும் நம்ப வேண்டாம். நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் கிடைக்கும் பழைய கேம்களுக்கு ஏழு நாளைக்கு ஒருமுறை நெட் தொட வேண்டும். பிளேஸ்டேஷன் போர்ட்டல் பார்க்கக் கையடக்கக் கன்சோல் மாதிரியே இருக்கும். ஆனால் அதில் எந்த கேமையும் டவுன்லோட் செய்ய முடியாது. வைஃபை வழியாகப் படம் வந்தால்தான் அது உயிரோடு இருக்கும். மழைக்காலத்துக்கு என்று அதை வாங்கிவிடாதீர்கள்.

ஸ்டீம் டெக், ஆர்ஓஜி ஆலை வைத்திருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஹாஸ்டல் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஸ்டீமில் ஆஃப்லைன் மோட் உண்டு, ஒழுங்காகவே வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு கேமையும் நெட் இருக்கும்போதே ஒருமுறை திறந்து, மெயின் மெனு வரை போய்வர வேண்டும். இன்ஸ்டால் ஆகிவிட்டது என்று அப்படியே மூடி வைத்தால், முதல் முறை திறக்கும்போது மீதி வேலையைச் செய்ய நெட் கேட்கும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் ரயிலில் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள்.

மெமரி கார்டிலும் ஏமாறாதீர்கள். ஒரு டெராபைட் கார்டு ஐந்நூறு ரூபாய் என்றால் அது போலி, சந்தேகமே வேண்டாம். உள்ளே இருப்பது சின்னக் கார்டு, எழுதியிருப்பதுதான் பெரிய நம்பர். அளவைத் தாண்டி கேம் ஏற ஏற, முன்னால் ஏற்றியது அழிந்துகொண்டே போகும். கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டால் கார்டின் உண்மையான அளவு தெரிந்துவிடும். ஸ்விட்ச் 2 வாங்கியவர்கள் 'மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்' என்று போட்ட கார்டே வாங்க வேண்டும். பழைய சாதாரணக் கார்டில் கேம் வைக்க முடியாது.

திருவிழாக் கடைகளிலும் பேன்ஸி ஸ்டோர்களிலும் தொங்கும் '400 இன் 1' குட்டி மெஷின்களுக்கு இந்த லைசென்ஸ் தொல்லை கிடையாது. ஆனால் பின்மூடியைக் கழற்றி பேட்டரியைப் பாருங்கள். அது உப்பியிருந்தால், மூடி தூக்கிக்கொண்டு நின்றால், அதற்குமேல் சார்ஜ் போடாதீர்கள். பிள்ளையின் தலையணைக்கு அடியில் சார்ஜில் போட்டுத் தூங்க விடாதீர்கள். ஈரக்கையோடு தொடவும் வேண்டாம்.

இன்று சாயங்காலமே இதைச் செய்யுங்கள். கன்சோலின் செட்டிங்ஸில் ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள். வீட்டு ரவுட்டரையும் அணையுங்கள். கன்சோலை ஸ்லீப்பில் வைக்காமல் முழுவதும் ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள். பிறகு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கேமாகத் திறந்து, விளையாட்டுக்குள் ஐந்து நிமிஷம் போய்ப் பாருங்கள். டைட்டில் வந்ததும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். எது எது திறக்கவில்லை என்று தாளில் எழுதிவிட்டு நெட்டைப் போட்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். கார்டை இந்த மெஷினுக்கு மாற்ற வேண்டியதை மாற்றுங்கள், இறங்க வேண்டிய அப்டேட்டை இறக்குங்கள். முடிந்ததும் நெட்டை அணைத்து மறுபடியும் திறந்து பாருங்கள்.

கூடவே பவர் பேங்க்கையும் நிரப்பி வையுங்கள். ஆனால் புயல் இரவில் முதல் சார்ஜ் அவசரத்துக்கு வேண்டிய செல்போனுக்கு, அது மிஞ்சினால்தான் கேமுக்கு. இதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடையில் பில்லோடு வாங்கிய பொருளில், நெட் இல்லாமல் ஓடும் என்று சொல்லி ஏமாற்றியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள். பில் இல்லாமல் இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் காசு போட்டு ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் க்ரைம் எண் 1930க்குச் சொல்லுங்கள். காசு கைமாறிய முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் வங்கிக் கணக்கில் அதை நிறுத்திவைக்க வழி உண்டு.